கொடுவா இருக்கையில காட்டுக்கத்தி எதுக்கு சாமி?

முதல்லயே சொல்லிடறேன். வெளிநாட்டு 'புஷ்கிராஃப்ட்' கத்தி ஒண்ணு வாங்கணும்னு காசு சேர்த்து வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா கடுப்பாவீங்க. பரவாயில்லை. முழுசா படிச்சுட்டு கடுப்பாகுங்க, அதான் வேணும்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. புஷ்கிராஃப்ட்ங்கிறது கேஸ் அடுப்பு, ரெடிமேட் கூடாரம் எல்லாத்தையும் விட்டுட்டு, காட்டில் கிடைக்கிற குச்சி, இலை, நார் இதுகளை வெச்சே ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி தங்கி, அடுப்பு மூட்டி, சமைச்சு சாப்பிடற பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான், அதில் எனக்கு சண்டை இல்லை. சண்டை எல்லாம் கத்தியில். இந்த ஆட்டத்துக்கு வர்றவன் முதல்ல வாங்குறது ஒரு மடங்காத கத்தி. நாலு அங்குல அலகு, இடுப்பில் தொங்க ஒரு உறை, விலை சில ஆயிரம். "இந்த ஒரு கத்தி கையில இருந்தா போதும், எந்தக் காட்டுலயும் பிழைச்சுக்கலாம்" என்று ஒரு வேதவாக்கு வேற.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்த ஜுரம் வந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. எங்க பிளாக்கில் மட்டும் நாலு பசங்ககிட்ட பார்த்துட்டேன். எல்லாம் காலேஜ் முடிச்சு பெங்களூர், சென்னைன்னு வேலைக்குப் போய், லீவுல வீட்டுக்கு வர்ற பசங்க. ஒருத்தன் கத்தி ஸ்வீடன், இன்னொருத்தன் கத்தி பின்லாந்து. கையில வாங்கிப் பார்த்தேன், நல்ல கத்திங்கதான். சவரமே பண்ணலாம், அவ்வளவு கூர். ஆனா அந்தக் கத்தியைக் கட்டிக்கிட்டு அவங்க போற காடு எது? வடலூர், குள்ளஞ்சாவடி பக்கத்து முந்திரிக் கொல்லை! அங்கதான் எனக்கு சிரிப்பு வருது. கொஞ்சம் வயித்தெரிச்சலும் வருது.

என் கட்சி இதுதான். காட்டுக்கத்தின்னு பொதுவா ஒண்ணு உலகத்துல கிடையாது. ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு கத்தி. நெய்வேலியைச் சுத்தி இருக்கிற முந்திரிக்கும் முள்ளுக்கும் பனைக்கும் உண்டான கத்தி கொடுவாள். நம்ம பாஷையில கொடுவா. அது உங்க தாத்தா வீட்டுக் கொல்லைப்புறத்துல துரு ஏறிக் கிடக்கு. அதைத் தொட வெட்கப்பட்டுக்கிட்டு அடுத்தவன் காட்டுக்கு அடிச்ச கத்தியை இங்க கட்டிக்கிட்டு அலையறது சாகசம் இல்லை, வேஷம்.

(உடனே ஊட்ஸ் எஃகு, கொடுமணல்னு ஆரம்பிச்சு 'தமிழன்டா'ன்னு முடிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. இது அந்த ரகம் இல்லை. ஸ்வீடன்காரன் கத்தி ஸ்வீடன்ல அருமையான கத்தி. அங்க கொடுவாளோட ஒருத்தன் போய் நின்னா அவனையும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவேன்.)

அந்தக் கத்தி பிறந்த காடு

ஸ்வீடன்ல மோரான்னு ஒரு ஊர். நம்ம திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் போன மாதிரி அந்த ஊர் கத்திக்குப் பேர் போனது. அங்க அடிக்கிற கத்தியோட அலகு பத்து செ.மீ. சொச்சம் நீளம், ரெண்டு ரெண்டரை மி.மீ. தடிமன். எதுக்கு இப்படி? அந்தக் காட்டைப் பாருங்க. பைன், ஸ்புரூஸ், பிர்ச். நேர் நேரா வளர்ந்த மரம், நேர் நேரா ஓடற நார். கத்தியை வெச்சு இழுத்தா சிராய் சுருள் சுருளா வரும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழ பல டிகிரி போகும். அங்க ராத்திரி தீ மூட்ட முடியலைன்னா ஆள் காலி. மழையிலயும் பனியிலயும் ஊறின கட்டையைப் பிளந்து உள்ள இருக்கிற உலர்ந்த பகுதியை எடுக்கணும், அதை மெல்லிசா சீவி தீ பத்த வைக்கணும். அந்த வேலைக்கு அந்தக் கத்தி. கணக்கு கச்சிதமா இருக்கு.

இந்தக் கலையை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் கனடாவின் மோர்ஸ் கோச்சான்ஸ்கி (1940-2019). பசங்க எல்லாம் அவரை குருநாதர் மாதிரி சொல்றாங்க. சரி, அந்த குருநாதர் தன் புத்தகத்துக்கு முதல்ல வெச்ச பேர் என்ன தெரியுமா? 'நார்தர்ன் புஷ்கிராஃப்ட்'. அதாவது வடக்குக் காட்டுக் கலை. மனுஷன் நேர்மையா அட்டையிலேயே எழுதிட்டார், இது வடக்குக் காட்டுக்குன்னு. அந்தப் புத்தகத்துல கத்திக்கு ஒரு அத்தியாயம்னா கோடாரிக்கும் ஒரு அத்தியாயம், ரம்பத்துக்கும் ஒரு அத்தியாயம். "ஒரே கத்தி போதும்" என்கிற வேதவாக்கை அவர் எங்க சொன்னார்?

அதுக்கும் முன்னாடி அமெரிக்காவில் ஹொரேஸ் கெபார்ட். 1906-ல் முகாம் வாழ்க்கை பத்தி அவர் எழுதின புத்தகம் இன்னைக்கும் இந்த ஆட்களுக்கு பைபிள். அவர் என்ன சொல்றார்? கனமான வேட்டைக்கத்தி ஒண்ணு இருந்தா கைக்கோடாரி வேலையும் நடந்துடும்னு நினைக்கிறது வெறும் மயக்கம், கைக்கோடாரியைத் தனியா எடுத்துட்டுப் போன்னு சொல்றார். ஆக, சின்ன வேலைக்கு சின்னக் கத்தி, வெட்டற வேலைக்கு வெட்டற ஆயுதம். அவங்க ஊர் பெரியவங்களே சொன்ன பாடம் இது. நம்ம பசங்க அதுல பாதியை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிக்கிறாங்க.

எங்க ஊர்க் காடு

இப்ப நம்ம கதைக்கு வாங்க. பண்ருட்டி, வடலூர், குறிஞ்சிப்பாடின்னு செம்மண் மேடு முழுக்க முந்திரி. முந்திரி மரம் நேரா வளராது. தரையோட தரையா கை நீட்டி, கிளை கிளையா பின்னி, குனிஞ்சுதான் உள்ள போகணும். தோப்பு ஓரத்துல சீமைக்கருவேலம், காரை, சூரை, சப்பாத்திக்கள்ளி. அங்கங்க பனை. தண்ணி நிக்கிற இடத்துல மூங்கில். தள்ளிப் போனா சவுக்குத் தோப்பு.

இந்தக் காட்டுல உங்களுக்கு எதிரி குளிர் இல்லை. வெயில், தாகம், முள்ளு, காலுக்குக் கீழ சருகுக்குள்ள என்ன படுத்திருக்குன்னு தெரியாத பயம். அதுக்கு ஏத்த மாதிரி வேலை மாறுது. பட்டியல் போடறேன், நீங்களே கணக்குப் பாருங்க.

1. முள்ளு கழிக்கிறது. சீமைக்கருவேலங் கிளையைக் கையால பிடிக்க முடியாது. கொடுவா மூக்கு வளைஞ்சு இருக்கே, அது அழகுக்கு இல்லை. அந்த வளைவை கிளைக்குப் பின்னாடி கொடுத்து தன் பக்கம் இழுத்தா கிளை மாட்டிக்கும், அதே இழுப்புல அறுந்தும் போகும். கை முள்ளுக்கு எட்டடி தூரத்துல இல்லைன்னாலும் ஒரு முழம் தள்ளி இருக்கும். நாலு அங்குலக் கத்தியில் இதைச் செய்யணும்னா முள்ளுக்குள்ள கையை விடணும். விட்டுப் பாருங்க.

2. தண்ணி. எளனி சீவணும், நுங்கு வெட்டணும். கொடுவாளுக்கு எளனி மூணு வெட்டு. ஸ்வீடன் கத்தியால ஒரு பையன் பனங்காயைக் குடைஞ்சு நுங்கு எடுத்ததைப் பார்த்தேன். அந்த நேரத்துல கடலூர் போயி ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு வந்திருக்கலாம் :-)

3. தீ. எங்க ஊர்ல தீ மூட்ட சிராய் சீவணுமா? கொல்லை பூரா முந்திரிச் சருகு. பனையில தொங்குற காஞ்ச ஓலை. தென்னையில பன்னாடை. (ஆளைத் திட்டறதுக்குத்தான் பன்னாடைன்னு நிறைய பேருக்குத் தெரியும். தீ பிடிக்க அதைவிட ஒசத்தியான சாமான் கிடையாது.) ஐப்பசி கார்த்திகை மழையிலகூட மரத்துல தொங்குற பன்னாடையைப் பிய்ச்சு எடுத்தா உள்மடிப்பு காஞ்சிருக்கும். கத்தி முதுகுல கட்டையால அடிச்சு அடிச்சு விறகு பிளக்கிற வித்தையை வீடியோவுல பார்த்துட்டு வந்து இங்க செய்யறாங்களே, அது எதுக்கு? உலர்ந்த சுள்ளி காலடியில கிடக்கிற ஊர்ல, நனைஞ்ச ஊர்க்காரன் பட்ட கஷ்டத்தை நடிச்சுக் காட்டறதுக்கு. அப்புறம், பச்சை முந்திரிக்கொட்டையை அந்தத் தீயில தூக்கிப் போடற பசங்களுக்கு: ஓட்டுல இருக்கிற எண்ணெய் பீச்சி அடிக்கும், பட்ட இடம் வெந்துடும், புகை கண்ணை எரிக்கும். இதைச் சொல்லித் தர வெளிநாட்டு குருநாதர் வர மாட்டார். முந்திரி உடைக்கிற எந்த அக்காகிட்ட கேட்டாலும் கையைக் காட்டுவாங்க.

4. நிழல். பந்தல் போடணும்னா நாலு கவட்டைக் கம்பு, மேல போட மூங்கில், மூட பனையோலை. கம்பு வெட்ட, நுனி சீவ, மூங்கில் பிளக்க, ஓலை கழிக்க, அஞ்சாறு வேலைக்கும் ஒரே ஆயுதம். நுனிக்கனம் இருக்கிறதால கொடுவாளை ஓங்கத்தான் வேணும், மிச்சத்தை அந்த எடை பார்த்துக்கும். நூறு கிராம் கத்தியில அந்த வேலைக்கு எடை உங்க மணிக்கட்டுதான்.

5. சம்மட்டி. கொடுவாளோட முதுகு தடிச்சிருக்கும். முளை அடிக்கலாம், தேங்காய் உடைக்கலாம்.

கெபார்ட் சொன்ன ரெண்டு ஆயுதம் இருக்கே, கத்தியும் கைக்கோடாரியும், அது ரெண்டையும் ஒண்ணா உருக்கி அடிச்ச மாதிரி ஒரு சாமான் நம்ம கொல்லைப்புறத்துல கிடக்கு.

இது நமக்கு மட்டும் வந்த ஞானம்னு சொல்லலை. எங்கெங்க முள்ளும் கொடியும் பின்னின காடோ, அங்கெல்லாம் மனுஷன் இப்படித்தான் ஏதோ ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கான். கேரளத்துல வெட்டுகத்தி, நேபாளத்துல குக்ரி, மலாய் தேசத்துல பாராங். இங்கிலாந்துல வேலி கழிக்கிறவங்க கையில இருந்த பில்ஹுக் அசப்புல நம்ம கொடுவாதான், அதுலயும் வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவம் மாறும். மலேயாவுக்கு ரப்பர் மரம் வெட்டப் போன நம்மாட்கள் அந்தக் காட்டுக்கு உண்டான பாராங்கை எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கும் மலேசியத் தமிழ்ப் பேப்பர்ல 'பாராங் கத்தி'ன்னுதான் எழுதறாங்க. போன இடத்துக் காட்டைப் பார்த்து கத்தியை மாத்தினது புத்திசாலித்தனம். இருக்கிற இடத்துலயே இருந்துக்கிட்டு கத்தியை மாத்தறதுக்கு என்ன பேர்?

இதை நெய்வேலிக்காரனுக்கே சொல்லணுமா?

எனக்கு ஆச்சரியமே இதுதான். உலகத்துல எந்த ஊர்க்காரனுக்கு இது புரியலைன்னாலும் நெய்வேலிக்காரனுக்குப் புரியணும். நம்ம ஊரே இந்தப் பாடத்துல எழும்பின ஊர்.

1957-ல் நேரு வந்து சுரங்கம் வெட்டற வேலையைத் தொடங்கி வெச்சார். 1961-ல் லிக்னைட் கண்ணுல பட்டது. வெட்டறதுக்கு ஜெர்மனியிலேர்ந்து ராட்சச சக்கர எந்திரம், பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். அவங்க ஊர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல மேல்மண்ணை அள்ளு அள்ளுன்னு அள்ளின எந்திரம் அது. இங்க வந்து என்ன ஆச்சு? லிக்னைட்டுக்கு மேல படிஞ்சிருக்கிறது கடலூர் மணற்பாறை. கல்லு மாதிரி கடினம், உப்புத்தாள் மாதிரி உராயும். சக்கரத்தோட பல்லு தேஞ்சு போச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க? பாறையில துளை போட்டு வெடி வெச்சு இளக்கினாங்க, பல்லை இந்தப் பாறைக்கு ஏத்த மாதிரி கடினமாக்கினாங்க. அதுக்கு அப்புறம்தான் ஓட்டம் பிடிச்சது. உங்கப்பாவோ தாத்தாவோ அந்தச் சுரங்கத்துல ஷிஃப்ட் பார்த்தவரா இருந்தா கேட்டுப் பாருங்க, பல்லு மாத்தின கதை சொல்லுவார்.

எந்திரம் மட்டமா? இல்லை. ஊர் வேற, மண்ணு வேற, பல்லு வேற. அந்தச் சம்பளத்துல படிச்ச பையன், ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அந்தச் சக்கரத்துக்கு சந்தனம் குங்குமம் வெச்சதைப் பார்த்து வளர்ந்த பையன், ஒரு கத்தி விஷயத்துல இதை மறந்துட்டான்னா எப்படி?

தானே கேட்ட கேள்வி

கத்தி விவாதம் எல்லாம் வெட்டிப்பேச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒரு தேதி. 2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின காலை. பண்ருட்டி சுத்துவட்டாரத்துல முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பா சாஞ்சது. தலைமுறை தலைமுறையா சோறு போட்ட மரங்க ஒரே காலையில வேரோட மல்லாந்து கிடந்தது. டவுன்ஷிப்ல நாம நிழலுக்கு ஒதுங்கின சாலை மரங்க ரோட்டுக்குக் குறுக்க. கரண்டு இல்லை, போன் இல்லை, பால் இல்லை.

மெஷின் ரம்பம் எல்லா இடத்துக்கும் உடனே வந்துடலை. கிராமங்கள்ல வழி திறந்தது யாரு? கொடுவாளும் கோடாரியும் வெச்சிருந்தவங்க. பெரிய மரத்துக்குக் கோடாரி, ரம்பம். அதுக்கு முன்னாடி கிட்ட நெருங்கவே கிளை கழிக்கணுமே, அதுக்கு கொடுவா. ஒரு சைக்கிள் போற சந்து, அப்புறம் ஒரு வண்டி போற சந்து. எங்க தெருவுக்கு அன்னைக்குக் கிளை கழிச்சுக் கொடுத்தவங்க பக்கத்து கிராமத்துலேர்ந்து வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வர்ற ஆளுங்க. அவங்க வீட்டுக் கூரையே போயிருந்தது. எங்க தெருவுல முப்பது வீடு இருந்தும், வெட்டற மாதிரி ஒரு சாமான் ரெண்டு வீட்டுலதான் இருந்தது. மத்த வீட்டுல எல்லாம் வெங்காயம் நறுக்கற கத்தி.

காட்டுல பிழைக்கிறது எப்படின்னு பணம் கட்டி கேம்ப் போறீங்க. காடு ஒரு நாள் நம்ம வாசல்லயே வந்து விழுந்துச்சு. அன்னைக்கு வேலைக்கு ஆனது எதுன்னு கண்ணால பார்த்தாச்சு. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?

வழக்கமா வர்ற வாதங்கள்

"கொடுவா பிடிக்குள்ள காம்பு குச்சியா இருக்கு, உடைஞ்சுடும். எங்க கத்தியில இரும்பு பிடி முழுக்க ஓடும்." - தம்பி, நீங்க கும்பிடற மோரா கத்தியிலயே பெரும்பாலான மாடல்ல இரும்பு பிடி முழுக்க ஓடாது. பின்லாந்து பூக்கோவிலயும் பழைய முறை குச்சிக்காம்புதான். அவங்க நூறு வருஷமா அதுல வேலை பார்க்கலையா? கொடுவா பிடி உடைஞ்சா ஒரு வேப்பங்கட்டை, ஒரு பூண், பத்து நிமிஷம். உங்க கத்தி பிடி போனா கொரியர்.

"இரும்பு தரம் தெரியாது." - பட்டறையில கேட்டா தெரியும். நம்ம பக்கம் நல்ல கொடுவா பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில அடிக்கிறது. அதுல கார்பன் அரை சதத்துக்குக் கொஞ்சம் மேல. ஸ்வீடன் கார்பன் கத்தியில ஒரு சதம் பக்கம். கார்பன் கூடினா கூர் நிக்கும், ஆனா ஓங்கி வெட்டினா சில்லு பேரும். குறைஞ்சா கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனா அடி தாங்கும். சவுக்கு மேலயும் கருவேலம் மேலயும் ஓங்கி இறங்குற ஆயுதத்துக்கு எது வேணும்? அதோட, ஆசாரி அலகு முழுசையும் ஒரே மாதிரி கடினமாக்கறதில்லை. பழுக்கக் காய்ச்சி வெட்டுவாய் பக்கம் மட்டும் தண்ணியில தோய்ச்சல் கொடுப்பார். வாய் கடினம், முதுகு இளக்கம். மழுங்கினா ஒரு அரம், இல்லை ஒரு தீட்டுப்பலகையும் மணலும். கல்லுக்கே ரெண்டாயிரம் செலவு பண்ண வேண்டியதில்லை.

"சின்ன வேலை செய்ய முடியாது, கரண்டி செதுக்க முடியாது." - உண்மை. அதுக்கு ஒரு சூரிக்கத்தியோ பேனாக்கத்தியோ பையில போட்டுக்குங்க. ஸ்வீடன் கத்தியே வெச்சிருக்கீங்களா, அதையே போட்டுக்குங்க. நான் வேண்டாம்னு சொல்றது கத்தியை இல்லை, "இது ஒண்ணே போதும்" என்கிற மப்பை.

"கொடுவாளுக்கு உறை இல்லை." - இந்த ஒரு பாயிண்டை ஒத்துக்கிறேன். இது பெரிய குறைதான். திறந்த வாயோட பைக்ல தொங்கவிட்டுட்டுப் போறது தப்பு. ஆனா பனையேறிகள் இடுப்புல கட்டற அருவாப்பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? முப்பது நாப்பதடி உயரத்துல அதைக் கட்டிக்கிட்டுத்தான் அவங்க வேலை. பழைய லாரி டியூபை வெட்டி மடிச்சு நாலு ரிவிட் அடிச்சா உறை தயார். நான் அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன். இன்னொண்ணு: காலை அகட்டி நின்னு, வீச்சு கால் பக்கம் வராம, சுத்தி ரெண்டு ஆள் நீளத்துக்கு யாரும் இல்லாம பார்த்துத்தான் ஓங்கணும். இதை ஒரு பெரியவர்கிட்ட ஒரு நாள் நின்னு கத்துக்குங்க. வீடியோவுல வராது.

உண்மையான காரணம்

இதெல்லாம் மேலோட்டமான வாதம். ரெண்டு மணி நேரம் பேசினப்புறம் ஒரு பையன் உண்மையைச் சொன்னான். "அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா கொடுவாளோட ஒரு போட்டோ போட்டா ரவுடி மாதிரி இருக்கும்ணே."

அதான் விஷயம். அவனைத் தப்பு சொல்லி என்ன பண்றது? முப்பது வருஷமா சினிமாவுல அருவா வந்தாலே அடுத்த ஷாட் ரத்தம். 2005-ல் திருப்பாச்சின்னே ஒரு படம் வந்து ஓடுச்சு. அருவாள்ல எத்தனை ரகம்னு இன்னைக்குப் பசங்களுக்குத் தெரியாது. நெல் அறுக்கிற கருக்கருவா, பாளை சீவற பாளையருவா, ஆடு மேய்க்கிறவங்க தொரட்டி, சமையல்கட்டு அருவாமனை, விறகு வெட்டற கொடுவா. இத்தனையும் போய் மனசுல நிக்கிறது வீச்சருவா ஒண்ணுதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா இன்னும் வேடிக்கை. 1959 ஆயுதச் சட்டம், எது ஆயுதம்னு வரையறுக்கிற இடத்துலேயே, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செஞ்ச சாமான்கள் ஆயுதக் கணக்கில் வராதுன்னு சொல்லிடுது. 2016 ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற அலகு ஆயுதப் பட்டியல்ல வருது. அங்கயும் வீடு, விவசாயம், தொழில், விஞ்ஞான வேலைக்குச் செஞ்சதுக்கு விலக்கு. ஆக, அளவுல பார்த்தா கொடுவா எல்லை தாண்டினது, நோக்கத்துல பார்த்தா அது கருவி. சட்டம் எழுதினவனுக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

தெருவுல நடக்கிறது வேற. பைக்ல கொடுவாளோட போற கூலிக்காரரை நிறுத்திக் கேக்கற கேள்வியும், அதே ரோட்டுல முதுகுப்பை, தொப்பி, இடுப்புல இறக்குமதிக் கத்தியோட போற பையனைக் கேக்கற கேள்வியும் ஒண்ணா இருக்கிறதில்லை. ஒருத்தர்கிட்ட "எங்கடா போற?", இன்னொருத்தர்கிட்ட "ட்ரெக்கிங்கா தம்பி?" ரெண்டையும் ஒரே செக்போஸ்ட்ல என் காதால கேட்டிருக்கேன். 2021-ல் ரவுடிகளைப் பிடிக்க தமிழ்நாடு போலீஸ் நடத்தின வேட்டையை ஒட்டி, கத்தி அருவா செய்யற பட்டறைக்காரங்க வாங்கறவங்க பேர், விலாசம் எழுதி வைக்கணும், கேமரா வைக்கணும்னு சொன்னாங்க. கொலை நடக்கிற நாட்டுல போலீஸுக்கு அவங்க கவலை, அதைக் குறை சொல்லலை. ஆனா கரி வாங்கவே கணக்குப் பார்க்கிற ஆசாரி கேமராவுக்கு எங்க போவார்?

இன்னொரு சட்டமும் பசங்க தெரிஞ்சுக்கணும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஆயுதம்' என்கிற வார்த்தைக்குள்ள கத்தியும் அடக்கம். சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையக் கூடாது. காப்புக்காட்டுல மரம் வெட்டறது, தீ மூட்டறது குற்றம். அதாவது, வீடியோவுல அமெரிக்காக்காரன் செய்யற மாதிரி மேற்குத்தொடர்ச்சி மலையில போய் கட்டை வெட்டி தீ மூட்டி படுத்தா, கேஸ். அப்ப நம்ம ஊர்ல இந்த பொழுதுபோக்குக்கு ஒழுங்கான இடம் எது? சொந்தக் கொல்லை, சொந்தக்காரங்க கொல்லை, கேட்டா விடற கொல்லை. அதாவது முந்திரி, முள்ளு, பனை. அதாவது கொடுவா. எப்படிச் சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்குது.

பட்டறை

வடலூர் பக்கம் நான் போற பட்டறையில ஆசாரிக்கு அறுபது தாண்டியாச்சு. துருத்தி போய் கரண்டு ஊதுகுழல் வந்தாச்சு, சம்மட்டி போட இன்னொரு ஆள் கிடைக்கலை. ஒரு கொடுவா நாலு தடவை காய்ச்சி, அடிச்சு, தோய்ச்சல் கொடுத்து, சாணை பிடிச்சு, பிடி போட அரை நாள். கடைசியா வாங்கினப்ப அறுநூறு ரூபா கொடுத்தேன். உங்க எடை என்ன, கை நீளம் என்ன, வெட்டப் போறது முந்திரியா மூங்கிலான்னு கேட்டுட்டுத்தான் அடிக்க ஆரம்பிப்பார். பசங்க கத்தியை ஒரு தடவை எடுத்துட்டுப் போய் காட்டினேன். விரலால தடவிப் பார்த்தார். "நல்ல இரும்பு சார். நல்லா வேலை பண்ணியிருக்கான்" என்றார். அடுத்த கட்சிக்காரனைப் பாராட்ட ஒரு மனசு வேணும். அது அவர்கிட்ட இருந்தது. அப்புறம் கேட்டார், "இதுல என்ன சார் வெட்டுவாங்க?"

அவர் பையன் பட்டறைக்கு வரலை. யாரும் வர மாட்டாங்க. ஹார்டுவேர் கடையில அச்சுல அடிச்ச மெல்லிசு அருவா பாதி விலைக்குக் கிடைக்குது, ரெண்டு சீசன்ல வளைஞ்சு போகுது. வாங்கறவங்க பத்து பேர்ல ரெண்டு பேர் நல்ல கொடுவா கேட்டா அந்தப் பட்டறை இன்னும் பத்து வருஷம் ஓடும். அந்த ரெண்டு பேரா இருக்கக்கூடியவங்க யாரு? கத்தியை நேசிக்கிறவங்க, இரும்பைப் பத்தி ராத்திரி பூரா படிக்கிறவங்க, காசு செலவு பண்ணத் தயாரா இருக்கிறவங்க. அதாவது நீங்கதான், புஷ்கிராஃப்ட் பசங்க! தமிழ்நாட்டுலயே அந்த ஆசாரியோட வேலையை மதிக்கத் தெரிஞ்ச ஒரே கூட்டம் நீங்க. நீங்களும் அந்தப் பக்கம் போகலைன்னா நான் யாருகிட்ட போய் சண்டை போடறது?

அதனால ஒரு வேண்டுகோள்தான். அடுத்த கத்திக்குக் காசு சேர்த்து வெச்சிருக்கீங்கல்ல, அதுல அறுநூறு ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு ஒரு காலையில உங்க பக்கத்துப் பட்டறைக்குப் போங்க. என்ன வெட்டப் போறேன்னு சொல்லுங்க. அவர் அடிக்கிறதை நின்னு பாருங்க. வாங்கிட்டு வந்து ஒரு நாள் முள்ளு கழிச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறமும் நாலு அங்குலக் கத்தி போதும்னு தோணினா, வந்து என்னைத் திட்டுங்க. வாங்கிக்கிறேன்.

டிஸ்கி: ஆயுதபூஜை அன்னைக்கு ஸ்வீடன் கத்திக்குப் பொட்டு வெச்சு போட்டோ போட்ட தம்பிக்கு: இது உங்களைச் சொல்லலை. உங்களையும்தான் சொல்றேன் :-)